தாய்வான் ஹெட்லைட்டுக்கு எந்த பல்ப்?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் கையில் இருந்த வாகனத்தையே பழுது பார்த்து ஓட்டினோம். முன்பக்கம் இடிபட்டு உடைந்த ஹெட்லைட், வெயிலில் மஞ்சள் பிடித்த ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் பதிலாகத் தாய்வான் லைட்டோ சீன லைட்டோ (கார்க் கம்பனியின் அசல் அல்லாத மாற்று லைட்) வாங்கிப் பூட்டியவர்கள் ஏராளம். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியில் ஓடும்வரை குறை ஒன்றும் தெரியாது. வீதி விளக்கு அங்கே போதுமானது. நீர்கொழும்பு, சிலாபம் தாண்டி, புத்தளத்திலிருந்து அநுராதபுரம் பக்கம் திரும்பியதும்தான் பளபளப்பான புது லைட் வீதியில் ஒன்றும் காட்டவில்லை என்பது உறைக்கும்.

உடனே கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் “வெளிச்சம் கூடின பல்ப் தாங்கோ” என்று கேட்பது வழமை. கடைக்காரர் நான்கு சாமான் எடுத்து வைப்பார்: +130, +150 என்று எழுதிய ஹலோஜன், 100 வொட் ஹலோஜன், எல்.ஈ.டி, எச்.ஐ.டி (இழைக்குப் பதில் வாயுவுக்குள் மின்பொறி எரியும் பல்ப்) செற். நான்கில் எது என்பதை விலை பார்த்தோ பெட்டியில் எழுதிய லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு) பார்த்தோ முடிவு செய்ய முடியாது. உங்கள் லைட்டுக்குள் இருப்பது வெறும் கிண்ணமா (வெளிச்சத்தை முன்னுக்குத் திருப்பும் முலாம் பூசிய குழிவு), புரொஜெக்டர் கண்ணாடியா (முன்னால் குண்டு வில்லை வைத்தது), அது எவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டது என்பதுதான் முடிவைச் சொல்லும்.

காரணம் எளிது. பல்ப் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைச் சிதறுகிறது. அதைப் பொறுக்கி வீதியில் வைப்பது கிண்ணம். எச்7 (எச்1, எச்4, எச்11 போல ஒரு பல்ப் வகை) பல்ப்பின் இழை ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நீளம். கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை சரியாக இன்ன இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. இழை ஒரு மில்லிமீற்றர் தள்ளி நின்றாலே 60 மீற்றரில் விழ வேண்டிய வெளிச்சம் காருக்கு முன்னாலேயே விழும், அல்லது எதிரே வருபவரின் கண்ணில் விழும். தாய்வான் லைட்டில் வார்ப்பு பிசகியிருந்தாலும், முலாம் மங்கலாக இருந்தாலும், பல்ப் உட்காரும் வளையம் தளர்ந்திருந்தாலும், எந்த பல்ப் போட்டும் முழுப் பயன் வராது.

கண்ணாடியில் ஒரு அம்பு இருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதை. நாங்கள் இடது பக்கம் ஓட்டுகிறோம். டிம் லைட்டின் மேல் விளிம்பு இடது பக்கம் கொஞ்சம் ஏறி, நடைபாதை ஆளையும் சைக்கிளையும் காட்ட வேண்டும். வலது பக்கம் தாழ்ந்து நிற்க வேண்டும். ஐரோப்பிய முறைப்படி ‘ஈ’ வட்டக் குறி பெற்ற லைட்டில் அந்தக் குறிக்குக் கிட்ட ஒரு கிடை அம்பு இருக்கும். லைட்டுக்கு எதிரே நின்று பார்க்கும்போது அது உங்கள் வலது பக்கம் காட்டினால், இடது பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. இரு முனையிலும் அம்பு என்றால் இரண்டுக்கும் பொருந்தும். ‘ஈ’ குறி இருந்து அம்பே இல்லை என்றால், வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லைட். அதைப் பூட்டினால் ஏறும் விளிம்பு நேரே எதிரே வரும் பஸ் சாரதியின் முகத்துக்குப் போகும். இதைத் திருத்தும் பல்ப் உலகத்தில் இல்லை. லைட்டை மாற்றத்தான் வேண்டும். யப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் லைட்டில் இந்தக் குறி இல்லாமலிருக்கலாம். ஆனால் யப்பானும் இடது பக்கம் ஓட்டும் நாடு என்பதால் பயமில்லை.

வயரில் தொலையும் வெளிச்சம்

ஹலோஜனில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். வோல்ட்டின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்குப்படி ஏறி இறங்கும். பல்ப்புகளின் லூமன் கணக்கு 13.2 வோல்ட்டில் எடுக்கப்படுகிறது. உங்கள் பல்ப்புக்கு 12 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் 100க்கு 72 பங்கு வெளிச்சம்தான். வாங்கும் காசின் கால் பங்குக்கு மேல் வயரிலேயே எரிந்து போகிறது.

மல்டிமீற்றர் ஒன்று போதும். எஞ்சினை ஓடவிட்டு டிம் லைட்டைப் போட்டு, பற்றரியின் இரு முனையிலும் அளவெடுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி வரும். பின்பு பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே பிளக்கின் பின்புறத்தால் ஊசியை விட்டு அளவெடுங்கள். பல்ப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, இழப்பும் தெரியாது. பலர் பிழைவிடும் இடம் இதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் பல்ப் வாங்கும் யோசனையை ஒத்திவையுங்கள். முதலில் எர்த் வயர் காரின் பொடியில் (தகட்டு உடலில்) பூட்டிய இடத்தைக் கழற்றி, கறள் போக உரஞ்சி, இறுக்கிப் பூட்டுங்கள். பிளக்கின் பித்தளைத் தகடு கறுத்திருந்தால் பிளக்கை மாற்றுங்கள். தாய்வான் லைட்டோடு வரும் குட்டி வயர் மெல்லியதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

அதற்குப் பிறகும் இழப்பு இருந்தால் ரிலே (பழைய வயரின் சிறு கரண்டால் இயங்கி, பற்றரியிலிருந்து நேரே பல்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்). எச்4 (டிம் இழையும் ஹை பீம் இழையும் ஒரே பல்ப்பில் உள்ள வகை) காருக்கு வேண்டியவை: 30 அல்லது 40 அம்பியர் ரிலே இரண்டு (டிம்முக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று), 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், ரிலேக்கு ஒன்றாக 15 அம்பியர் பியூஸ் இரண்டு, பீங்கான் பிளக் இரண்டு. பியூஸ் பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் பூட்டினால், பற்றரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட வயர் உரசுப்பட்டு எர்த் ஆகும்போது தடுக்க எதுவும் இராது. ரிலேயில் எண் எழுதிய முனைகளில் 30க்குப் பற்றரி, 87லிருந்து பல்ப், 85க்கும் 86க்கும் (ரிலேயின் உள்ளே உள்ள சுருளின் இரு முனை) பழைய பிளக்.

யப்பான் காரில் ஒரு விசேஷம் உண்டு. பல டொயோட்டா, சுசுகி கார்களில் எச்4 பிளக்கின் பொது முனை நேர்முனை. சுவிட்ச் எர்த்தைத்தான் வெட்டுகிறது. கடையில் கிடைக்கும் ரிலே செற்றுகளில் பெரும்பாலும் சுருளின் ஒரு முனையை நேரே பொடியில் எர்த் பண்ணியிருப்பார்கள். அது இந்தக் கார்களில் வேலை செய்யாது, அல்லது டிம்மும் ஹை பீமும் குழம்பும். சுருளின் இரு முனையையும் பழைய பிளக்கின் இரு முனைகளுக்கே கொடுத்தால் எந்தக் காரிலும் வேலை செய்யும். எச்4 எல்.ஈ.டி, எச்.ஐ.டி செற் வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க மறக்க வேண்டாம்.

லைட்டின் உயரத்தைச் சரிபார்க்கவும் காசு வேண்டாம். வெள்ளவத்தை அப்பார்ட்மென்ற் ஒன்றின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடம் இதற்கு அருமையான இடம்: சம தரை, வெள்ளைச் சுவர், இருட்டு. ரயர்க் காற்றைச் சரி பார்த்து, சாரதி இருக்கையில் ஒருவரை இருத்தி, சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி நேராக நிறுத்துங்கள். பல்ப்பின் நடு உயரத்தைச் சுவரில் ரேப் ஒட்டிக் குறியுங்கள். டிம் லைட்டின் தட்டையான மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 5 சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். இது நூற்றுக்கு ஒன்று சரிவு. லைட் 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் வெளிச்சம் 65 மீற்றர்வரை போகும். அதே விளிம்பு 10 சென்ரிமீற்றர் கீழே நின்றால் எட்டும் தூரம் 32 மீற்றருக்குச் சுருங்கிவிடும். புது லைட்டைப் பூட்டிய கராஜில் இதைச் செய்யாமல் அனுப்புவது சாதாரணம். “வெளிச்சம் இல்லை” என்ற முறைப்பாடு பல உயரம் திருத்தும் இந்த ஒரு திருகாணியில் தீர்ந்துவிடும்.

ஹலோஜனுக்குள்ளே தெரிவு

சாதாரண பல்ப்புகளின் கணக்கு இது: எச்4 டிம் 1000 லூமன், ஹை பீம் 1650. எச்7 1500. எச்1 1550. எச்11 1350. எச்.பி.3 1860, எச்.பி.4 1095. எச்4 டிம் ஏன் எப்போதும் மங்கல் என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. டிம் இழைக்குக் கீழே ஒரு தகட்டுக் கிண்ணம் பாதி வெளிச்சத்தை மறைக்கிறது.

+100, +130, +150 என்று எழுதியிருப்பதைப் பார்த்து இரட்டிப்பு வெளிச்சம் என்று நினைக்க வேண்டாம். மொத்த லூமன் சட்ட எல்லைக்குள்ளேயேதான் நிற்கும். இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றிச் சூடாக எரிய விடுகிறார்கள். வீதியில் சில குறிப்பிட்ட புள்ளிகளில் வெளிச்சம் கூடுகிறது. அந்தச் சதவீதமும் சட்டம் கேட்கும் ஆகக்குறைந்த அளவோடு ஒப்பிட்டது, நல்ல சாதாரண பல்ப்போடு அல்ல. இருந்தும் ஒழுங்கான கிண்ணத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், எதிரே வருபவருக்கும் தொல்லையில்லை. அதற்குக் கொடுக்கும் விலை பல்ப்பின் ஆயுள். பகலிலும் லைட்டைப் போட்டு ஓடுபவர், இரவு வாடகை ஓடுபவர் இதை வாங்கினால் வருடத்துக்குள் மாற்ற நேரிடும். வாரத்தில் இரண்டு மூன்று இரவு ஓடுபவருக்கு இதுவே நல்ல தெரிவு. பிலிப்ஸ், ஒஸ்ராம் இரண்டிலும் இந்த வரிசை உண்டு. இரண்டுக்கும் போலியும் உண்டு. பல்ப்பின் அடியில் ‘ஈ’ குறியும் வகை எண்ணும் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். இழை கோணலாக நிற்கும் பல்ப்பைப் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

நீலம் பூசிய “வெள்ளை” ஹலோஜன் வேண்டாம். நீலப் பூச்சு வெளிச்சத்தைத் தின்றுதான் வெள்ளையாகக் காட்டுகிறது. கெல்வின் நிறத்தின் அளவு, வெளிச்சத்தின் அளவு அல்ல.

100/90 வொட் எச்4 பல்ப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கிறது, கேடும் அதிகம். இரண்டு பல்ப்பும் சேர்ந்து ஹை பீமில் 17 அம்பியருக்கு மேல் இழுக்கும். காரின் அசல் வயர் அதில் பாதி சொச்சத்துக்குத்தான் போட்டது. முதலில் பிளக் இளகும், பிறகு சுவிட்ச் கருகும். பியூஸ் எரிகிறது என்று பெரிய பியூஸ் போட்டால் வயரே எரியும். ரிலே போட்டு வயரைக் காப்பாற்றினாலும் சூட்டிலிருந்து லைட்டைக் காப்பாற்ற முடியாது. பழைய கார்களின் கண்ணாடி முகமும் தகட்டுக் கிண்ணமும் தாங்கும். தாய்வான் லைட்டின் கிண்ணம் பிளாஸ்ரிக். முலாம் பல்ப்புக்கு நேர் மேலே புகை பிடித்ததுபோல் கறுக்கும், பிறகு உரியும். வெளிச்சம் கூட்டப் போட்ட பல்ப், இருந்ததையும் கெடுத்துவிடும். பிளாஸ்ரிக் கிண்ணத்தில் 60/55க்கு மேல் போகவே வேண்டாம்.

அதிகம் பேசப்படாத ஒரு வழி எச்11 புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இருக்கிறது. எச்9 பல்ப் 65 வொட்டில் 2100 லூமன் தரும், எச்11ஐவிட ஒன்றரை மடங்கு. இரண்டுக்கும் இழை நிற்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றே. பல்ப்பைப் பிடிக்கும் காதுகளும் பிளக்கின் உள்வரியும்தான் வேறு. அரத்தால் காதைச் சற்றுத் தேய்த்து, பிளக்குக்குள் இடிக்கும் பிளாஸ்ரிக் வரியை வெட்டினால் உட்காரும். ஆனால் எச்9இன் நுனியில் கறுப்புப் பூச்சு இல்லை. புரொஜெக்டருக்குள் தடுப்புத் தகடு இருப்பதால் பாதகமில்லை. வெறும் கிண்ணத்தில் போட்டால் எதிரே வருபவரின் கண் கூசும். பத்து வொட் கூடின சூடு என்பதையும் கணக்கில் எடுத்து, முதல் மாதம் வாராவாரம் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

எல்.ஈ.டி: போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பெட்டியில் 20,000 லூமன் என்று எழுதியிருக்கும். மீற்றரை வைத்து அளந்தால் ஒரு பல்ப் 2 அம்பியர் இழுக்கும், அதாவது 24 வொட். இந்த அளவுப் பல்ப்புகளில் வொட்டுக்கு 80, 90 லூமன் கிடைத்தால் பெரிய விடயம். மொத்தம் 2000ஐ ஒட்டித்தான் வரும். அது குறைவு என்றில்லை, எச்4 டிம்மைவிட இரண்டு மடங்கு. கேள்வி அது எங்கே விழுகிறது என்பதே.

இழை சுற்றிவர எரியும். எல்.ஈ.டி துண்டுகள் ஒரு தகட்டின் இரு முகத்தில் ஒட்டியவை. தகடு மெல்லியதாக, துண்டுகள் இழை நின்ற அதே இடத்தில், இடமும் வலமும் பார்த்தபடி நின்றால் கிண்ணம் ஓரளவு ஏமாறும். தகடு தடித்தால் இரு துண்டுகளும் நடுக்கோட்டைவிட்டு விலகி, சுவரில் இரட்டை விளிம்பும் திட்டுத் திட்டாக வெளிச்சமும் தெரியும். மேலும் கீழும் பார்த்தபடி பூட்டினால் பக்கவாட்டு வெளிச்சம் போய்விடும். கழுத்து வளையத்தின் திருகாணியைத் தளர்த்தித் திருப்பிச் சரி செய்யலாம்.

இங்கே கண் நம்மை ஏமாற்றும். எல்.ஈ.டி போட்டதும் காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீற்றர் வெள்ளை வெளேர் என்று தெரியும், மனம் குளிரும். அந்தக் கிட்டிய வெளிச்சம் கண்மணியைச் சுருக்கிவிடும். தூரத்தில் நிற்கும் மாடு முன்பைவிட இருட்டில் போகும். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் கடக்கிறீர்கள். வேண்டியது 60 மீற்றர் தூரத்து வெளிச்சம்.

ஆகவே அளந்து பாருங்கள். அதே சுவர், அதே 5 மீற்றர். போனில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சம்) அளக்கும் செயலியை இறக்கி, இடது பக்க விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஆகப் பிரகாசமான இடத்தில் ஹலோஜனோடு ஒரு அளவு எடுங்கள். விளிம்புக்கு மேலே, எதிரே வரும் சாரதியின் கண் உயரத்திலும் ஒன்று. எல்.ஈ.டியைப் பூட்டி இருபது நிமிடம் எரியவிட்டு, அது சூடாகி மங்கிய பிறகு, அதே இரண்டு இடத்திலும் திரும்ப எடுங்கள். முதல் அளவு கூடி இரண்டாவது கூடாவிட்டால் வைத்திருங்கள். இரண்டாவது கூடினால் கழற்றுங்கள், எவ்வளவு காசு கொடுத்திருந்தாலும். போன் காட்டும் எண் துல்லியமில்லை. ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். பொதுவாக, தடுப்புத் தகடுள்ள புரொஜெக்டரில் எல்.ஈ.டி தேறும், வெறும் கிண்ணத்தில் பெரும்பாலும் தேறாது.

கொழும்பின் ஈரக்காற்று இன்னொரு சங்கதி. எல்.ஈ.டியின் வால் (சூடு தணிக்கும் பின்பகுதி) நீளம் என்று லைட்டின் பின் மூடியை வெட்டிவிடுவார்கள். அதால் ஈரம் ஏறும். ஹலோஜனின் சூடு அந்த ஈரத்தைக் காயவைத்துவிடும். எல்.ஈ.டி சூட்டைப் பின்னுக்குத் தள்ளுவதால் முகத்தில் பனி நிற்கும், மாரியில் நாள் முழுவதும் நிற்கும். நீளம் குறைந்த வாலுள்ள பல்ப் எடுங்கள், அல்லது உயரமான ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள். எப்.எம் வானொலியில் இரைச்சல் வந்தால் அது பல்ப்பின் டிரைவர் (கரண்டைச் சீராக்கும் மின்சுற்று) மலிவு என்பதற்கு அறிகுறி.

எச்.ஐ.டி செற்றும் மற்ற வழியும்

எச்.ஐ.டி 35 வொட்டில் 3200 லூமன் தரும், 4300 கெல்வினில் ஆகக் கூடுதல்; 6000, 8000 என்று போகப் போக நீலம்தான் கூடும், வெளிச்சம் குறையும். வெறும் கிண்ணத்தில் எச்.ஐ.டி போடவே கூடாது. 2000 லூமனுக்கு மேற்பட்ட டிம் லைட்டுக்கு ஐரோப்பிய விதி தானாகச் சரிவைத் திருத்தும் கருவியையும் முகம் கழுவும் கருவியையும் கேட்கிறது. அந்த வெளிச்சம் தவறினால் எவ்வளவு கூசும் என்பதற்கு அதுவே சாட்சி. ஹை பீம் தட்டினால் உடனே முழு வெளிச்சமும் வராது, சில செக்கன் எடுக்கும். காரோடு எச்.ஐ.டி வந்தவர்கள் வேறு சாதி: அவர்களுக்கு வேண்டியது புது செற் அல்ல, அதே வகை நல்ல பல்ப். பழைய பல்ப் ஊதா நிறம் காட்டினால் முடிந்தது என்று பொருள்; இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். எச்.ஐ.டி பல்ப் வகைகளில் டி2எஸ் 85 வோல்ட்டில் எரிவது, டி4எஸ் 42 வோல்ட்டில். ஒன்றின் இடத்தில் ஒன்று போடக்கூடாது.

ஒளி வளையம் வைத்த, சின்னக் கண்ணாடி எச்1 புரொஜெக்டர் லைட் பூட்டியவர்களுக்கு நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த லைட் அழகுக்குச் செய்தது. குட்டிக் கண்ணாடி வழியே போகும் வெளிச்சம் இவ்வளவுதான். +150 போட்டால் சற்றுத் தேறும். அதற்கு மேல் பல்ப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவும் வீண். இரண்டு தடவை எல்.ஈ.டி வாங்கி மாற்றும் காசைச் சேர்த்து, பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தையிலோ உங்கள் மொடலுக்கு ரீகண்டிஷன் அசல் லைட் தேடுங்கள். முகம் மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை: 800, 1500, 2000, 3000 தாள் என்று தண்ணீரோடு வரிசையாகத் தேய்த்து, வெயில் தாங்கும் கிளியர் கோட் அடித்தால் திரும்பும். கோட் அடிக்காமல் பொலிஷ் மட்டும் பண்ணினால் சில மாதத்தில் பழையபடி. வாங்க முன் கிண்ணத்தின் முலாமை உள்ளே போன் லைட் அடித்துப் பாருங்கள். முலாம் போனதைத் திருப்ப முடியாது. லைட்டைப் பூட்டும் கால்களில் ஒன்றிரண்டு உடைந்திருந்தால் ஒட்டலாம், ஆனால் உயரம் திருத்தும் பல்சக்கரம் சுழல வேண்டும்.

கொழும்புக்குள் மட்டும் ஓடும் எச்4 காருக்கு நல்ல எர்த்தும் சரியான உயரமும் சாதாரண 60/55 பல்ப்பும் போதும். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போய் வருபவர் அதோடு ரிலேயும் +130உம் போடட்டும். ஒழுங்கான எச்11 புரொஜெக்டர் இருந்தால் எச்9, அல்லது சுவர்ச் சோதனையில் தேறிய எல்.ஈ.டி. அம்பு பிழையான லைட்டுக்கும் முலாம் போன லைட்டுக்கும் பல்ப் எதுவும் வாங்க வேண்டாம்.

எதைப் பூட்டினாலும் ஹலோஜன் கண்ணாடியை வெறுங்கையால் தொட வேண்டாம். தொட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கிளிப் முழுதாக விழுந்ததா என்று கண்ணாலும் பாருங்கள், அரைகுறையாக விழுந்த கிளிப்பால் பல்ப் சரிந்து நிற்பது அடிக்கடி நடக்கும். பூட்டிய அன்றிரவே ஒருவரை 25 மீற்றர் தள்ளி இன்னொரு காரின் சாரதி இருக்கையில் இருத்தி, டிம் லைட்டைப் போட்டு, கண் கூசுகிறதா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பல்ப் இரண்டையும் அதன் பெட்டியில் போட்டு டிக்கிக்குள் வையுங்கள். முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் நடுச்சாமத்தில் ஒன்று போனால் அதுதான் கைகொடுக்கும்.